மகளை எந்த பாக்ஸிங் மாஸ்டரிடம் சேர்ப்பது?

தக்கலைப் பக்கத்திலிருந்து நீங்கள் கேட்டது இது. மகளுக்கு 13 வயது, பாக்ஸிங் கற்க ஆசைப்படுகிறாள். போய்வரும் தூரத்தில் இரண்டு பேர் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒருவர் தேசிய அளவில் பதக்கம் வாங்கியவர், அவரைத் தெரியாதவர்கள் ஊரில் கிடையாது. இன்னொருவர் ரிங்கில் பெரிதாக எதுவும் ஜெயித்ததாக யாரும் சொல்லவில்லை, ஆனால் அவரிடம் பிள்ளைகள் வருடக்கணக்காகத் தங்கிப் படிக்கிறார்கள். "பெரிய பாக்ஸர்கள் நல்ல பயிற்சியாளர்களாக ஆவார்களா?" என்று பொதுவாகக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மனதில் ஓடுவது வேறு என்று நினைக்கிறேன். சுவரில் தொங்கும் பதக்கத்தை நம்பிப் பிள்ளையை ஒருவர் கையில் ஒப்படைக்கலாமா, அந்தப் பதக்கம் அவர் சொல்லிக்கொடுக்கும் விதத்தைப் பற்றி ஏதாவது சொல்கிறதா என்பதுதானே? அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் எங்கே நின்று பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவில் பக்கம் பல வருடமாகப் பிள்ளைகளுக்கு பாக்ஸிங் சொல்லிக்கொடுக்கிறேன். பட்டியாலாவில் என்.ஐ.எஸ். எனப்படும் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் படிப்பு படித்தவன். ஆட்டக்காரனாக மாநிலப் போட்டிகளைத் தாண்டிப் போனதில்லை. ஆகவே இந்தக் கேள்வியில் நான் நடுநிலை ஆள் கிடையாது. பதக்கம் முக்கியமில்லை என்று சொல்வது எனக்கு வசதியான பதில். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். நான் நின்றதெல்லாம் பள்ளி, கல்லூரி, மாநில அளவிலான கார்னர்கள்தான் (கார்னர் என்பது ரவுண்டுக்கு நடுவே ஆட்டக்காரர் வந்து உட்காரும், மாஸ்டர் நிற்கும் ரிங் மூலை). பணத்துக்காக 12 ரவுண்டு ஆடும் தொழில்முறை பாக்ஸிங்கை, பழைய ஃபைட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தும் படித்தும் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

சரி, உறுதியாகச் சொல்லக்கூடியது எது? நல்ல மாஸ்டராக இருக்க ரிங்கில் பெரிய ஆளாக இருந்திருக்க வேண்டியதில்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. முகமது அலியின் கார்னரில் நின்ற ஏஞ்சலோ டண்டீ ஆட்டக்காரராகப் பேர் எடுத்தவர் இல்லை. சுகர் ரே லியோனார்டின் கார்னரிலும் அவர்தான் நின்றார். ஃப்ளாய்ட் பேட்டர்சனை 1956-ல் 21 வயதில் ஹெவிவெயிட் சாம்பியனாக்கி, பிற்காலத்தில் மைக் டைசனைச் சிறுவனாக வீட்டில் வைத்து வளர்த்த கஸ் டமாட்டோ தொழில்முறையில் ஆடியதே இல்லை. டெட்ராய்ட்டின் க்ரோங்க் ஜிம்மை நடத்திய இமானுவேல் ஸ்டூவர்ட் 1963-ல் அமெரிக்க தேசிய கோல்டன் க்ளவ்ஸ் பட்டம் வென்ற நல்ல அமெச்சூர், தொழில்முறைக்குப் போகவில்லை. 1994-ல் ஹெவிவெயிட் சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸ், ஆலிவர் மெக்காலிடம் இரண்டாவது ரவுண்டிலேயே தோற்றார். அன்று மெக்காலின் கார்னரில் இருந்தவர் ஸ்டூவர்ட். தோற்ற கையோடு லூயிஸ் அதே ஸ்டூவர்ட்டைத் தனக்கு மாஸ்டராக வைத்துக்கொண்டார். மாஸ்டரின் மதிப்பு ஆட்டக்காரர்களுக்கு எப்படித் தெரிகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. நம் நாட்டில் விஜேந்தர் சிங் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது எல்லோருக்கும் தெரியும். அவரைச் சிறுவயதில் ஹரியானாவின் பிவானியில் வளர்த்தெடுத்த ஜக்தீஷ் சிங், ஆட்டக்காரராக நாடறிந்தவர் இல்லை. மாஸ்டராக 2007-ல் துரோணாச்சார்யா விருது வாங்கினார்.

பெரிய ஆட்டக்காரரால் சொல்லிக்கொடுக்க முடியாது என்பதும் அதே அளவுக்குத் தவறு. பட்டி மெக்கர்ட் இரண்டு எடைப் பிரிவுகளில் உலக சாம்பியன். அப்புறம் ஆர்ட்டுரோ கட்டி போன்றவர்களுக்கு மாஸ்டராக நின்று அதிலும் பேர் வாங்கினார். ராபர்ட் கார்சியா 1998-ல் உலகப் பட்டம் வென்றவர். இன்று பலருக்கு அவரை மாஸ்டராகத்தான் தெரியும். ஃப்ளாய்ட் மேவெதரை எடுத்துக்கொண்டால் ஒரே வீட்டில் இரண்டு வகையும் இருந்தது. அப்பா பட்டம் எட்டாத நல்ல ஆட்டக்காரர், சித்தப்பா ரோஜர் இரண்டு பிரிவுகளில் உலக சாம்பியன். இருவருமே அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பாக்ஸிங்குக்கு வெளியே பார்த்தால் நம் பக்கத்து மாநிலத்தில் பி.டி. உஷா இருக்கிறார், அவர் பள்ளியில் படித்த டிண்டு லூக்கா 2010-ல் 800 மீட்டரில் தேசிய சாதனை படைத்தார். 2001-ல் ஆல் இங்கிலாந்து பாட்மிண்டன் பட்டம் ஜெயித்த கோபிசந்தின் கையில்தான் சாய்னாவும் சிந்துவும் ஒலிம்பிக் பதக்கம் வரை போனார்கள்.

கோபிசந்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் அவர் முழங்கால்தான் நினைவுக்கு வருகிறது. பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு ஆடியவர். பழைய மாதிரி குதிக்க முடியாத காலை வைத்துக்கொண்டு, எப்படி நகர்ந்தால் இறகுப்பந்துக்குப் போய்ச் சேரலாம் என்று ஒவ்வொன்றையும் மறுபடி யோசிக்க வேண்டியிருந்திருக்கும். மெக்கர்ட்டும் தோள் காயத்தோடு ஆடியவர். தானாக வந்ததை ஒரு கட்டத்தில் இழந்து, யோசித்துத் திரும்பப் பெற்ற ஆட்டக்காரருக்கு, தான் செய்வது என்ன என்று தெரிந்திருக்கும். அதைத்தான் பிறகு பிள்ளைக்குக் கொடுக்க முடியும். நான் பார்த்த அளவில், பெரிய ஆட்டக்காரர்களில் நல்ல மாஸ்டர் ஆனவர்கள் பெரும்பாலும் இந்த ரகம். இதை விதி என்று சொல்ல மாட்டேன், என் கணிப்பு.

மற்றவர்களுக்கு எங்கே இடறுகிறது என்பதற்கு உடல் சார்ந்த ஒரு காரணம் உண்டு. கண்ணில் ஒன்று பட்டு அதற்கு உடல் அசைய சுமார் 0.2 நொடி ஆகும். நல்ல ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் வேகமான குத்து) அதற்குள் மூக்கில் வந்து விழுந்துவிடும். அப்படியானால் யாரும் கையைப் பார்த்துத் தப்புவதில்லை என்று ஆகிறது. எதிராளியின் தோள், இடுப்பு, முன்கால், மூச்சு இவற்றில் முன்கூட்டியே தெரியும் சின்ன அசைவைப் படித்துத்தான் தப்புகிறார்கள். பெரிய ஆட்டக்காரர்களுக்கு இந்தப் படிப்பு அபாரமாக இருக்கும். ஆனால் தாங்கள் எதைப் பார்க்கிறோம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. 10, 15 வருடப் பழக்கத்தில் அது நினைப்பிலிருந்து இறங்கி உடம்புக்குள் போய்விட்டிருக்கும். கேட்டால் "தெரியும்ல" என்பார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு நிஜமாகவே அவ்வளவுதான் தெரியும்.

இதை ஒரு முறை பக்கத்திலிருந்து பார்த்தேன். பெரிய அளவில் ஆடி ஓய்ந்த ஒருவர் எங்கள் பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்தார். அன்பான மனுசர், தன் நேரத்தைக் கொடுத்து வந்தவர். கொளச்சல் பக்கத்துப் பையன் ஒருவன் ஸ்பாரிங்கில் (பயிற்சிக்காக இருவர் மோதிப் பார்க்கும் ஆட்டம்) ஜாபை வாங்கிக்கொண்டே இருந்தான். சின்ன வயதிலிருந்து வீட்டாரோடு கரமடி வலை இழுத்து வளர்ந்தவன், தோளும் முதுகும் அந்த வயதுக்கு அசாத்தியம். "அடி வருதுன்னு தெரியுதில்ல, சாய்ஞ்சிரு" என்றார் இவர். பையன் தலையாட்டினான், அடுத்த ஜாபையும் வாங்கினான். இவரே ரிங்குக்குள் ஏறி, கையைக் கீழே போட்டுக்கொண்டு, அவனை அடிக்கச் சொல்லி, ஒவ்வொரு அடிக்கும் அரை அங்குலத்தில் தலையை விலக்கிக் காட்டினார். அந்த வயதிலும் அவ்வளவு அழகு. பிள்ளைகள் எல்லோரும் வாய் பிளந்து நின்றார்கள். பையனுக்கு மட்டும் எதுவும் மாறவில்லை. ஏனென்றால் அவன் சிக்கல் தலையில் இல்லை, காலில். வலையை இழுக்கிற பழக்கத்தில் பாதத்தை மண்ணில் ஊன்றுவது மாதிரி ஊன்றி, உடல் பாரம் முழுவதையும் முன்காலில் போட்டு நின்றான். அந்த நிலையில் யாராலும் பின்னால் சாய முடியாது. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, பின்கால் குதிகாலை ஒரு விரல் உயரம் தூக்கி, அதே நிலையில் முன்னும் பின்னும் போய்வர வைத்தோம். வாரக்கணக்கில் அதுவே பயிற்சி. அதன்பிறகு யாரும் சொல்லாமலே தலை விலகத் தொடங்கியது.

நம்ம ஊர் அடிமுறைக் களரியில் போய் உட்கார்ந்து பார்த்திருந்தால் இது உங்களுக்குப் புதிதாக இருக்காது. அங்கே அடிக்கு முன்னால் சுவடு, அதாவது காலை வைக்கும் முறை. ஆசான் சும்மா காலை வைக்கச் சொல்லியே நாள் கணக்கில் போட்டுவிடுவார். பார்க்கிற பெற்றோருக்குச் சலிப்புத் தட்டும். ஆனால் பிள்ளையின் உடம்பை அடியிலிருந்து படிக்கிற கண் அந்த ஆசான்களுக்கு இருந்தது, இன்னும் சிலருக்கு இருக்கிறது. பாக்ஸிங் மாஸ்டருக்கு வேண்டிய கண்ணும் அதுவேதான்.

அலியின் தொடக்கக் காலத்தில் நடந்த ஒன்று இதற்குப் பொருந்தும். 1960-ல் ரோம் ஒலிம்பிக் தங்கத்தோடு தொழில்முறைக்கு வந்த காஸியஸ் க்ளே (அலியின் அப்போதைய பெயர்), முதலில் போய்ச் சேர்ந்தது ஆர்ச்சி மூரின் முகாமில். மூர் அப்போதும் லைட் ஹெவிவெயிட் சாம்பியன். பாக்ஸிங் வரலாற்றிலேயே அதிக நாக்அவுட்டுகள் பெற்றவர் என்று பேர் பெற்றவர். அந்த முகாமில் பாத்திரம் கழுவுவது, பெருக்குவது எல்லாம் பயிற்சியின் பகுதி. மூர் தன் முறையில் அவரை மாற்றிக் கட்டவும் விரும்பினார். க்ளே அங்கே நிலைக்கவில்லை, டண்டீயிடம் வந்துவிட்டார். டண்டீ அவரை மாற்றப் போகவில்லை. கையைத் தாழ்த்தி வைப்பது, பின்னால் சாய்ந்து தப்புவது என்று பாடப்படி தப்பான பழக்கங்களை அப்படியே விட்டார். ஏதாவது திருத்த வேண்டுமென்றால், அதைச் செய்துவிட்டதாகவே பாராட்டி, தானே கண்டுபிடித்த மாதிரி அவரைச் செய்ய வைத்தார். அந்த ஒரு ஆளை அப்படித்தான் நடத்த முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1962-ல் க்ளே அதே மூரை ரிங்கில் தோற்கடித்தார்.

இதை வைத்து மூர் மோசமான மாஸ்டர் என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. வேறொரு பையனுக்கு அந்தப் பாத்திரம் கழுவுவதே மருந்தாக இருந்திருக்கலாம். டண்டீக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்றும் சொல்ல முடியாது. 1974-ல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மேனோடு அலி ஆடியபோது, கயிற்றில் சாய்ந்து நின்று அடியை வாங்கி ஃபோர்மேனைக் களைக்க வைத்தது அலியின் சொந்த யோசனை. டண்டீ கீழேயிருந்து கயிற்றை விட்டு வா, வா என்று கத்திக்கொண்டிருந்தார். அன்று அலி மாஸ்டர் பேச்சைக் கேட்காததால் ஜெயித்தார். ஃபோர்மேன் பக்கம் நின்றவர்களில் ஆர்ச்சி மூரும், ஃபெதர்வெயிட் சாம்பியனாக இருந்த சாண்டி சாட்லரும் உண்டு. இரண்டு மாபெரும் ஆட்டக்காரர்கள் ஒரு கார்னரில், ஆட்டக்காரராகப் பேர் வாங்காத ஒருவர் எதிர்க் கார்னரில். முடிவைத் தீர்மானித்தது ரிங்குக்குள் இருந்தவர்.

பெரிய ஆட்டக்காரரிடம் மட்டுமே கிடைக்கிற ஒன்றும் உண்டு. இதை நான் மனதாரச் சொல்கிறேன். முன்னே சொன்ன அதே மனுசர், பிறகொரு மாநிலப் போட்டியில் எங்கள் பெண் ஒருத்தியின் ஃபைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் ரவுண்டில் எதிர்ப்பெண்ணின் ரைட், அதாவது வலது கைக் குத்து, திரும்பத் திரும்ப இவள் முகத்தில் விழுந்தது. மணி அடித்ததும் என் காதருகே வந்து, "அந்தப் பொண்ணு ரைட் விடுறதுக்கு முன்னாடி முன்கால் லேசா உள்ளே திரும்புது, பாருங்க" என்றார். நான் அதைப் பார்த்திருக்கவில்லை, நானாகப் பார்த்திருக்கவும் மாட்டேன். அது அவருடைய ஆயிரம் ரவுண்டுகளின் கண். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளிடம் "மக்ளே, அவ முன்கால் உள்ள திரும்பினா உடனே ஜாப். வேற ஒண்ணும் வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். அடுத்த ரவுண்டில் அந்த ரைட் அவ்வளவாக வந்து சேரவில்லை. அவர் கண்டது பெரிது. அதை ஒரு பிள்ளை மூச்சு வாங்கும்போது தலையில் ஏற்றிக்கொள்ளும் அளவுக்குச் சுருக்கியது வேறொரு வேலை. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் அதிர்ஷ்டம்.

ரவுண்டுக்கு நடுவே கிடைப்பது 1 நிமிடம். பிள்ளை வந்து உட்கார, மவுத்கார்டை எடுத்துக் கழுவ, தண்ணீர் கொடுக்க, முகத்தைத் துடைக்க என்று போனால் பேச மிஞ்சுவது அதில் பாதி. அந்த நேரத்தில் அஞ்சு விஷயம் சொல்கிற மாஸ்டர் ஒன்றும் சொல்லாதவருக்குச் சமம். தன் காலத்தில் தான் எப்படி ஆடினேன் என்பது தலைக்குள் நிறைந்திருக்கும் ஆளுக்கு இந்தச் சுருக்கம் கஷ்டம். பிள்ளை இருக்கிற இடத்திலிருந்து பார்க்காமல், தான் அந்த ரிங்குக்குள் இருந்தால் என்ன செய்வேனோ அதையே சொல்லத் தொடங்கிவிடுவார்.

இனி சந்தேகமான பகுதி. "பெரிய ஆட்டக்காரர்களைவிட சுமாரான ஆட்டக்காரர்களே நல்ல மாஸ்டர் ஆகிறார்கள்" என்று அடிக்கடி சொல்கிறார்கள். மேலே நான் கொடுத்த பெயர்களும் அந்தப் பக்கம் சாய்வது மாதிரி தெரியும். ஆனால் இந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது. மகத்தான ஆட்டக்காரர்கள் ஒரு தலைமுறைக்குக் கைவிரல் எண்ணிக்கை. சுமாரானவர்கள் ஆயிரக்கணக்கில். அந்தக் கூட்டத்திலிருந்து நல்ல மாஸ்டர்கள் அதிகம் வந்தால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பெரிய ஆட்டக்காரருக்குப் பணமும் வேறு வழிகளும் இருக்கும். விடியற்காலையில் பிள்ளைகளுக்குக் கையில் பேண்டேஜ் சுற்றிவிட அவருக்கு அவசியம் இல்லை. நம் நாட்டில் பதக்கம் வாங்கியவருக்கு ரயில்வேயிலோ போலீஸிலோ ராணுவத்திலோ வேலை கிடைத்துவிடும், அதுதான் நியாயமும்கூட. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற டிங்கோ சிங் மாதிரி திரும்பி வந்து இம்பாலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் குறைவு. முயன்று தோற்றவர்களையும், முயலவே செய்யாதவர்களையும் ஒன்றாகக் கலந்துவிட்டுத்தான் இந்தப் பேச்சு நடக்கிறது. இன்னொரு குழப்பம், மாஸ்டரின் பேர் எப்போதும் அவருக்குக் கிடைத்த சீடனின் பேரோடு சேர்ந்தே வளர்கிறது. அலி கிடைக்காத டண்டீயை நாம் இன்று பேசியிருப்போமா? தெரியாது. ஆக, எந்த வகை ஆட்டக்காரர் சிறந்த மாஸ்டர் ஆவார் என்பதற்கு யாராவது அறுதியிட்டுப் பதில் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

"சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். அதில் பாதி உண்மை. ரிங்கில் ஒருபோதும் ஏறி அடி வாங்காத ஒருவரிடம் பிள்ளையை அனுப்ப நான் தயங்குவேன். மூக்கில் அடி விழுந்தால் கண்ணில் நீர் கட்டி எதிரே ஆள் இரண்டாகத் தெரிவதும், மூன்றாவது ரவுண்டில் கை ஈயக்குண்டாகக் கனப்பதும் புத்தகத்தில் படித்துத் தெரிகிற விஷயங்கள் இல்லை. ஓரளவு ஆடியிருக்க வேண்டும். அந்த "ஓரளவு"க்கு மேல் போகப் போக, சொல்லிக்கொடுக்கும் திறமை கூடவே ஏறுகிறது என்பதற்குத்தான் எனக்கு ஆதாரம் தெரியவில்லை. எடி ஃபட்ச்சை நினைத்துப் பாருங்கள். டெட்ராய்ட்டில் ஜோ லூயிஸோடு ஸ்பாரிங் செய்த அமெச்சூர். இதயத்தில் கோளாறு என்று தெரிந்ததால் தொழில்முறைக்குப் போக முடியவில்லை. பின்னால் அலியைத் தோற்கடித்தவர்களில் ஜோ ஃப்ரேஸியர், கென் நார்டன், லாரி ஹோம்ஸ், ட்ரெவர் பெர்பிக் ஆகிய நான்கு பேருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் அவர் மாஸ்டர்.

ஃபட்ச் பேரை எடுத்ததற்கு வேறு காரணமும் உண்டு. பெற்றோராக நீங்கள் கவனிக்க வேண்டியது இந்த இடத்தில்தான் இருக்கிறது. 1975 மணிலாவில் அலியும் ஃப்ரேஸியரும் ஆடிய மூன்றாவது ஃபைட். 14 ரவுண்டு முடிந்து ஃப்ரேஸியர் கார்னருக்கு வந்தபோது ஒரு கண் முழுக்க மூடிவிட்டது. இன்னொரு கண்ணில் ஏற்கெனவே பார்வை குறைவு. வருகிற அடி தெரியவில்லை. பாக்கி ஒரே ரவுண்டு. ஃப்ரேஸியர் ஆடியே தீருவேன் என்கிறார். ஃபட்ச் தோளில் கை வைத்து உட்கார வைத்து ஃபைட்டை நிறுத்திவிட்டார். ஃப்ரேஸியருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் உயிரோடு வீட்டுக்குப் போனார்.

அதே ஃப்ரேஸியர் பிறகு தன் மகன் மார்விஸுக்கு மாஸ்டர் ஆனார். 1983-ல், வெறும் 10 ஃபைட் ஆடியிருந்த மகனை, அப்போதைய சாம்பியன் லாரி ஹோம்ஸுக்கு எதிராக இறக்கினார். முதல் ரவுண்டிலேயே முடிந்தது. 1986-ல் டைசனோடு இறக்கினார். 30 நொடி. ஃப்ரேஸியர் மகனை உயிராக நேசித்தவர். பயத்தை அறியாமல் முன்னால் போய்க்கொண்டே இருந்து ஜெயித்தவர் அவர், மகனையும் அதே கண்ணால் பார்த்துவிட்டார் என்பது என் எண்ணம். தனக்கு இருந்த, அடி தாங்கும் தாடையும் இடது ஹூக்கும் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) மகனுக்கு இல்லை என்பதைப் பார்க்க அவரால் முடியவில்லை.

உலக சாம்பியனாக இருந்தவர் சரியாகப் பார்த்த சம்பவமும் உண்டு. 2019 ஜூலையில் மாக்ஸிம் டாடாஷேவ் என்ற ரஷ்ய ஆட்டக்காரருக்கு பட்டி மெக்கர்ட் கார்னரில் நின்றார். 11-வது ரவுண்டு முடிந்ததும் "போதும், நிறுத்திவிடுகிறேன்" என்று கெஞ்சினார். டாடாஷேவ் வேண்டாம் என்று தலையாட்டியும் நிறுத்தினார். அப்படியும் மூளைக் காயத்தால் சில நாட்களில் அந்த இளைஞர் இறந்துபோனார். இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. பிள்ளைகளின் அமெச்சூர் ஆட்டத்தில் ரவுண்டு குறைவு, க்ளவுஸ் கனம், ஹெட்கார்டு உண்டு, நடுவர் சீக்கிரம் நிறுத்துவார். இருந்தாலும் அடி தலைக்குத்தான் போகிறது. நம் மாவட்டத்து வர்ம ஆசான்களிடம் ஒரு ஒழுங்கு உண்டு: அடியைக் கற்பிக்கிறவனுக்கு இளக்குமுறையும் (அடிபட்டதைச் சரிசெய்யும் வைத்தியம்) தெரிந்திருக்க வேண்டும். பாக்ஸிங் மாஸ்டரிடமும் அதையே எதிர்பாருங்கள். நிறுத்தத் தெரியாதவர் எத்தனை பதக்கம் வைத்திருந்தாலும் வேண்டாம்.

அப்படியானால் நேரில் போய் என்ன பார்ப்பது? இரண்டு இடத்துக்கும் சொல்லாமல் சில சாயங்காலங்கள் போய் ஓரமாக உட்காருங்கள். அங்கே ஆடும் சிறந்த பிள்ளையைப் பார்க்காதீர்கள், அவள் யாரிடம் போயிருந்தாலும் ஆடியிருப்பாள். இருக்கிறதிலேயே மெதுவாகக் கற்கும் பிள்ளையைப் பாருங்கள். மாஸ்டர் அந்தப் பிள்ளை பக்கம் எத்தனை தடவை போகிறார், ஒரே திருத்தத்தை வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கிறாரா, இல்லை சத்தத்தை மட்டும் கூட்டுகிறாரா? புதிதாக வந்த பிள்ளையை எப்போது ஸ்பாரிங்கில் இறக்குகிறார் என்று கேளுங்கள். முதல் மாதத்திலேயே இறக்குகிறவரிடமிருந்து விலகியிருப்பது நல்லது. ஜோடி சேர்க்கும்போது எடை, வயது, அனுபவம் மூன்றையும் பார்க்கிறாரா, அல்லது சீனியருக்குப் பயிற்சி கொடுக்கச் சின்னப் பிள்ளையை நிறுத்துகிறாரா? மாஸ்டர் கையில் பிடிக்கும் பேடில் குத்து விழும் சத்தத்தில் மயங்காதீர்கள். படபடவென்று பேட் அடிக்கும் வீடியோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பிரமாதமாக இருக்கும். பிள்ளை ரிங்கில் என்ன செய்வாள் என்பதற்கு அது அத்தாட்சி கிடையாது.

எடை விஷயத்தை இருவரிடமும் நேரடியாகவே கேளுங்கள். போட்டிக்கு முந்தின நாள் தண்ணீரை நிறுத்தி, வியர்வைக் கோட்டுப் போட்டு ஓடவிட்டு எடை இறக்குவது பெரியவர்கள் செய்கிற வேலை. அவர்களுக்கே ஆபத்து. வளர்கிற பெண்பிள்ளைக்கு அது கூடவே கூடாது. அந்தக் கஷ்டத்தைத் தாண்டி வந்த பழைய ஆட்டக்காரர்களில் சிலர் அதை ஒரு வீரமாக நினைத்துப் பிள்ளைகளிடமும் கேட்பார்கள், ஜாக்கிரதை. தலையில் அடிபட்டு ஃபைட் நிறுத்தப்பட்டால் குறைந்தது 30 நாள் போட்டியும் ஸ்பாரிங்கும் கிடையாது என்பது அமெச்சூர் விதி. மூன்று மாதத்துக்குள் இரண்டாவது முறை என்றால் 90 நாள். இது அவருக்குத் தெரிகிறதா, ஜிம்முக்குள் நடக்கிற ஸ்பாரிங்கிலும் கடைப்பிடிக்கிறாரா என்று பாருங்கள். என்.ஐ.எஸ். படித்தவரா என்றும் கேட்கலாம். ஒரு வருட டிப்ளமோ வேறு, ஆறு வாரச் சான்றிதழ் வேறு. படிப்பு இருந்தாலே நல்ல மாஸ்டர் என்று அர்த்தமில்லை. உடற்கூறும் முதலுதவியும் ஒரு தடவையாவது படித்திருக்கிறார் என்ற அளவுக்கு உதவும். வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது பெண்பிள்ளைகளோடு பொறுப்பான பெண் ஒருவர் வருவாரா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல மாஸ்டர் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

13 வயது கொஞ்சம் சிக்கலான வயது. ஆறு மாதத்தில் திடீரென்று உயரம் ஏறும், நேற்று வந்த கால்வேலை இன்று வராது. பிள்ளைக்கே தன் உடம்பு அந்நியமாக இருக்கும். அப்போது அவளை விடாமல் பொறுமையாக அடிப்படையில் நிறுத்தி வைக்கிற ஆள் வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துச் சொன்னால், பிள்ளைகள் வருடக்கணக்காகத் தங்குகிற அந்த இரண்டாமவரிடம் தொடங்குவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. பிள்ளைகள் தங்குவதற்குக் காரணம் இருக்கும். ஆனால் நேரில் போய்ப் பார்த்த பிறகு, பதக்கம் வாங்கியவரும் மெதுவான பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதைக் கண்டால், யோசிக்காமல் அவரிடமே சேருங்கள். அவர் கண்ணும் சேர்ந்து கிடைக்கும். அப்படி இல்லாவிட்டாலும் அவரை விட்டுவிட வேண்டாம். மகள் 16 வயதைத் தாண்டி மாநிலப் போட்டிக்குப் போகிற நிலைக்கு வரும்போது, மாதம் ஓரிரு முறை ஸ்பாரிங்கைப் பார்த்துக் குறை சொல்ல வருவாரா என்று இப்போதே கேட்டு வையுங்கள். இந்த மாவட்டத்தில் பாக்ஸிங் ஆட்கள் கொஞ்சம் பேர்தான், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். முறையாகப் போய்க் கேட்டால் வருவார் என்றே நினைக்கிறேன்.